கஞ்சித்தண்ணி, பால், தயிர்: ஸ்ரெலா மிஸியின் நினைவாக

செய்தி வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஊழியர் தங்கராசா அண்ணன் வாசலில் வந்து நின்றார். வழமையாக அவர் வருவதற்கு முன்பே அவருடைய சத்தம் வந்துவிடும். அன்றைக்குச் சத்தமில்லை. நான் தலையைத் தூக்காமலே, "என்னண்ணன்?" என்று கேட்டேன்.

"தம்பி, அதை வெச்சிட்டு வாங்க. துறையடியில செல் விழுந்து வெடிச்சிருக்காம்."

"ஆருக்கு?"

"மிஸிக்குக் கொஞ்சம் காயமாம்."

'கொஞ்சம் காயம்' என்று ஒருவர் நேரில் வந்து சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று இந்த யுத்தத்துக்குள் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரைக்கும், படிப்பித்த முறைப்படியே கழுவினேன். தங்கராசா அண்ணன் துவாயை நீட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் அழுதார். எனக்கு வரவில்லை. இதை எழுதும்வரைக்கும் வரவில்லை.

ஸ்ரெலா என் மனைவி. உங்களுக்கு அவள் மிஸி. எங்கள் ஆஸ்பத்திரியில் தாதிமார் எல்லோரும் மிஸிதான். ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போய் 'மிஸி வந்தாவா?' என்று கேட்டால் அது ஒருத்தியை மட்டும்தான். யார் அடித்த செல் என்று இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற இந்தச் சிறு புத்தகத்தில் வழமையாகப் புலம்பல் பாட்டுகள் இருக்கும். தன்னாமுனையில் இருக்கும் மாமி, ஸ்ரெலாவின் தாய், அதை வேண்டாம் என்றுவிட்டா. "பாட்டு ஒண்டும் போட வேணாம் மகன். அவள் கேட்டா சிரிப்பாள். அவள் என்ன வேலை செஞ்சவள் எண்டு எழுதுங்க. செத்த வீட்டுக்கு வந்த சனத்தில பாதிக்கு அது தெரியாது." ஆகவே அதை எழுதுகிறேன். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். பார்த்ததைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் முதன்முதலில் கதைத்தது சண்டையில். நான் புதிதாக இடமாற்றம் பெற்று வந்திருந்தேன். பிள்ளைகள் வார்ட்டிலிருந்து காலையில் வந்த சிறுநீர்ப் போத்தல்களை மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒருத்தி உள்ளே வந்து, போத்தல்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா புதுசா?"

"ஓம்."

"இது மூத்திரம் ஐயா. வைன் இல்ல. வெச்சிருந்தா ருசி கூடாது."

பக்கத்தில் நின்ற தங்கராசா அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அவள் சொன்னது சரி. சிறுநீரகத்தில் அழற்சி இருந்தால் சிறுநீரில் இரத்தக் கலங்களும், குழாய் வடிவில் உறைந்த துணுக்குகளும் வரும். வெயில் ஏறும் வரை போத்தலை வைத்திருந்தால் அவை உடைந்து கரைந்துபோகும். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டியதுதான். அன்றிலிருந்து பிள்ளைகள் வார்ட்டுப் போத்தல்களை முதலில் பார்த்தேன். அடுத்த வருசம் அவளையே கலியாணம் முடித்தேன். நான் சைவம், அவள் வேதம், கத்தோலிக்கம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் தூக்கி வைத்திருந்தார்கள். "என்னைச் சமாளிக்கிறது கஷ்டம் எண்டு உங்கட அம்மாட்ட முதலே சொல்லுங்க. மறுகா ஏமாத்திட்டாங்க எண்டு கதை வரக்கூடாது," என்றாள்.

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வனிதாவைக் கொண்டுவந்தபோது நானும் வார்ட்டில் நின்றேன், இரத்தம் எடுப்பதற்காக. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை. தாய் பரமேஸ்வரி அக்கா பிள்ளையின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடி, இடுப்பில் வேப்பிலைக் கொத்துச் செருகி, கட்டிலில் ஏறாமல் சுவரோடு நின்றா. பிள்ளையின் காலும் கண்மடலும் வீங்கியிருந்தன. சீலை விலகியபோது மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாகப் படர்ந்திருப்பது தெரிந்தது. அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வார்ட்டின் மறு தொங்கலுக்கு ஓடினார்கள்.

"அம்மாள்! அம்மாள் போட்ட பிள்ளையை இஞ்ச கொண்டுவந்து விட்டிருக்காங்க!"

எங்கள் பக்கத்தில் காய்ச்சலோடு முகத்தில் எது போட்டாலும் அது முதலில் அம்மாள்தான். அம்மாள் வந்த வீட்டில் மருந்து கொடுக்கமாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, குளிர்மையான சாப்பாடு கொடுத்து, அவ இறங்கும்வரை காத்திருந்து, கடைசியில் தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். வனிதாவின் வீட்டிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். மாசக்கணக்கில். அதற்குள் நோய் சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டது.

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஸ்ரெலா என் காலை மிதித்தாள். பிறகு பரமேஸ்வரி அக்காவுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றாள், ஏதோ பஸ்ஸுக்குக் காத்துநிற்கிற இரண்டு பேர் மாதிரி.

"அக்கா, தண்ணி வாத்திட்டீங்களா?"

"வாத்தம் மிஸி. மூண்டு தரம் வாத்தம்."

"மூண்டு தரமும் முறையாத்தானே வாத்தீங்க?"

"ஓம் மிஸி. கோயில் கட்டாடியாரைக் கூட்டி வந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு."

"அப்ப அவ போயிருக்கணுமே?"

"போகல்லயே மிஸி. வெயில்ல போனா இன்னும் கூடுது."

"அக்கா, நீங்க மரியாதையா மூண்டு தரம் அனுப்பி வெச்சும் போகாட்டி அது அம்மாள் இல்ல. இது வேற ஆள். அம்மாளிட பேரைச் சொல்லிக்கொண்டு பூந்திருக்கிறான். வாங்க, ஆளைப் பிடிப்பம்."

பரமேஸ்வரி அக்கா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தா. பிறகு பிள்ளையைக் கட்டிலில் இருத்தினா. ஆனால் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்தா. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு ஸ்ரெலாவைப் பார்த்தார். "காத்து நல்லது டொக்டர்," என்றாள் ஸ்ரெலா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்த வேறு ஆளின் பெயர் லூபஸ். நோயை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் படை, உடம்பையே தாக்கத் தொடங்குவதுதான் அது. பெரியவர்களுக்கு வருவதைவிடப் பிள்ளைகளுக்கு வந்தால் மூர்க்கம் கூட. சிறுநீரகத்தைத்தான் அது அதிகம் தேடிப் போகும். இரத்தத்தை அனுப்பிக் கொழும்பிலிருந்து முடிவு வருவதற்குள் றோட்டு எத்தனையோ தரம் பூட்டித் திறக்கும். எங்களிடம் இருந்தது சிறுநீர் மட்டும்தான். அது ஒவ்வொரு காலையும் கேட்காமலே வரும். இரத்தத்தில் யூரியா ஏறும்போது சிறுநீரகம் பாதி போயிருக்கும். சிறுநீர் அதற்கு முன்பே சொல்லிவிடும், கேட்பதற்கு ஆள் இருந்தால்.

அதைத்தான் ஸ்ரெலா பரமேஸ்வரி அக்காவுக்குக் காட்டினாள். என் மேசைக்கே கூட்டி வந்தாள். கண்ணாடிக் குழாயில் வனிதாவின் சிறுநீரை எடுத்து, மேல்பாதியை விளக்கில் சூடாக்கி, நான் ஒரு சில துளி அசற்றிக் அமிலம் விட்டேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை திரண்டு கட்டியாக நின்றது.

"ஆத்தே! முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கிடக்கு!"

"அதுதான் அக்கா. நீங்க குடுக்கிற முட்டையும் மீனும் பிள்ளையிட உடம்பில நிக்கல்ல. கிட்னியில ஓட்டை விழுந்து மூத்திரத்தோட போகுது. இந்த வெள்ளை இல்லாமப் போகணும். அதுவரைக்கும் நானும் உங்களை விடன், நீங்களும் என்னை விடக்கூடாது."

வார்ட்டில் முடிவுகளை நாங்கள் பிளஸ் போட்டு எழுதுவோம். ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ். ஒருநாள் ஒரு தாய் மூன்று பிளஸ் என்று கேட்டதும் சந்தோசமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தா. பிளஸ் கூடினால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டா. ஸ்ரெலா அன்றைக்கே அதை மாற்றினாள். தெளிவு என்றால் வீட்டில் இருக்கலாம். கஞ்சித்தண்ணி என்றால் அடுத்த நாளும் பார்க்க வேணும். பால் என்றால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்ப வேணும். தயிர் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேணும். பாலும் தயிரும் தெரியாத தாய் எங்கள் மாவட்டத்தில் இல்லை. சில கிழமைக்குப் பிறகு டொக்டரும் வார்ட்டைச் சுற்றும்போது, "வனிதா இண்டைக்குப் பாலா, கஞ்சியா?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஆனால் வனிதா வீட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வீடு வாவிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து இங்கே வருவதென்றால் வாவியைக் கடக்கும் மிதவையில் ஏற வேணும்; அதை எங்கள் ஆட்கள் 'பாதை' என்பார்கள். சண்டை மூண்டால் பாதை ஓடாது. லூபஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்காது. குணமானது போலக் கிடந்து திடீரென்று எழும்பும்.

அந்த நாட்களில் டொக்டர் ஒருமுறை எங்களுக்கு ஒரு விசயம் சொன்னார். வெளிநாடுகளில் சிறுநீரில் வேறு சில பொருட்களைத் தேடுகிறார்களாம். வெள்ளை விழுவதற்கு முன்பே, சிறுநீரகத்தில் நெருப்புப் பிடித்தவுடனேயே அவை சிறுநீரில் இறங்குமாம். அதைப் பிடித்துவிட்டால் சிறுநீரகத்தில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கிற வேலைகூடக் குறையலாமாம். எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருந்தது. என்ன கருவி, எப்படி அளக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரெலா கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"அது நல்லது டொக்டர். கட்டாயம் வரட்டும். ஆனா அது கொழும்புக்கு வந்து, மறுகா சோதனைச்சாவடி, வாழைச்சேனை எல்லாம் சுத்தி, இந்தப் பாதையில ஏறி வெல்லாவெளிக்குப் போறதுக்குள்ள வனிதாக்குக் கலியாணமே நடந்திரும். அதுவரைக்கும் வெள்ளையை ஆர் பாக்கிறது?"

"ஆர் பாக்கிற?" என்று டொக்டர் திருப்பிக் கேட்டார்.

"தாய் பாப்பா."

"வீட்டிலயா?"

"சோறு வேகினதைப் பாக்கத் தெரியும், கறியில புளி காணாதெண்டு தெரியும். இதுவும் அடுப்படி வேலைதான் டொக்டர்."

டொக்டர் சம்மதித்தார். எனக்குத்தான் சம்மதமில்லை. தப்பாகப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இப்ப ஒருத்தரும் பாக்கல்லயே. அது சரியா?" என்றாள்.

கண்ணாடிக் குழாய்களையும், அமிலத்துக்குப் பதிலாகச் சின்னப் போத்தலில் வினாகிரியையும் எடுத்துக்கொண்டு அவள் முதலாவது செவ்வாய்க்கிழமை வெல்லாவெளிக்குப் புறப்பட்டாள். சோதனைச்சாவடியில் சிப்பாய் குழாய்களை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறான். இது எதற்கு என்று கேட்டதற்கு, "மூத்திரம் காய்ச்ச," என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாளாம். அவன் நம்பவில்லை. "அப்ப நீங்க கொஞ்சம் தாங்க, காய்ச்சிக் காட்டுறன்," என்றாளாம். பின்னால் நின்றவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். குழாய்களை விட்டார்கள். வினாகிரியை மணந்து பார்த்து, அசிட் என்று சொல்லி, வைத்துக்கொண்டார்கள். வாவியைக் கடந்து இறங்கினால் அந்தப் பக்கத்தில் துவக்கோடு நின்ற இயக்கப் பொடியனும் அதே கேள்வியைத்தான் கேட்டானாம். "ரெண்டு பக்கமும் ஒரே பதில்தான் சொன்னன். அவனுக்குச் சிரிப்பு வரல்ல," என்றாள்.

வினாகிரி இல்லாமல் இந்தச் சோதனை சரிவராது. சிலவேளை ஒரு நோயும் இல்லாத சிறுநீரும் சூடாக்கினால் வெள்ளையாகும், அது உப்பு. புளிப்பு விட்டால் உப்பு கரைந்துவிடும், புரதம் கரையாது. அதுதான் வித்தியாசம். படுவான்கரையில் எலுமிச்சைக்கு, எங்கள் தேசிக்காய்க்கு, குறைவில்லை. ஆகவே தேசிக்காய்ப் புளி விடச் சொல்லிவிட்டு வந்தாள்.

சில கிழமைக்குப் பிறகு நல்ல மழையில், பாதியில் நின்ற பஸ்ஸை விட்டிறங்கி நடந்து, பரமேஸ்வரி அக்கா வனிதாவையும் போத்தலையும் கொண்டு வந்து சேர்ந்தா. "பால் மிஸி! நல்ல பால்!" நான் சூடாக்கினேன். அமிலம் விட்டேன். தெளிவு. மறுபடியும் செய்தேன். தெளிவுதான். அவ தேசிக்காயை அப்படியே குழாய்க்குள் பிழிந்திருக்கிறா. கலங்கலாகத் தெரிந்தது பழத்தின் சக்கை.

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த மழையில் அந்தப் பிள்ளை அப்படி நடுங்கிக்கொண்டு நின்றது. ஸ்ரெலா துவாயை எடுத்து வனிதாவின் தலையைத் துடைத்தபடியே, "கெட்டிக்காரி அக்கா நீங்க. ஒரு மாற்றம் தெரிஞ்ச உடன வந்திட்டீங்க," என்றாள். அவ போன பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்கட மூஞ்சையைக் கொஞ்சம் சரி பண்ணுங்க. தெளிவைக் கொண்டு வந்ததுக்கு இண்டைக்கு ஏசினா, நாளைக்குத் தயிரைக் கொண்டு வரமாட்டாங்க."

அந்த வசனத்தை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குசினி ஆய்வுகூடமானது. என் சிறுநீரில் முட்டை வெள்ளைக்கருவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கஞ்சித்தண்ணி, பால், தயிர் எல்லாவற்றையும் செயற்கையாக உண்டாக்கினோம். ஒரு குழாயில் அமிலம், மற்றதில் தேசிக்காய். துணியில் வடித்த புளி, வடிக்காத புளி, கூடிய புளி, குறைந்த புளி. புளி கூடிப்போனால் புரதமே கரைந்து ஏமாற்றிவிடும் என்பதை அந்தக் குசினியில்தான் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே சமையல்? ஒரு மாதிரி மணக்குது," என்றா. "ரசம் அன்ரி. இன்னும் சரிவரல்ல," என்றாள் ஸ்ரெலா. மிஞ்சிய மஞ்சட்கருவைப் பொரித்து இரவைக்குச் சாப்பிட்டோம். கலியாணம் முடித்த புதிதில் மற்ற ஆட்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நாங்கள் இதைத்தான் செய்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளைத் துணியில் வடித்த தேசிக்காய்ப் புளி, கண்ணுக்கு மருந்து விடுகிற குழலால் மூன்று துளி. இதுதான் முடிவு. அடுத்தடுத்த செவ்வாய்களில் அதை ஒவ்வொரு வளவாகப் போய்ப் படிப்பித்தாள். வனிதாவோடு தொடங்கியது, லூபஸ் உள்ள வேறு பிள்ளைகள், வேறு காரணத்தால் சிறுநீரகம் கெட்ட பிள்ளைகள் என்று கூடியது. ஒரு வீட்டில் வெள்ளையைக் கண்டால் பக்கத்து வீட்டுத் தாய் வந்து தானும் காய்ச்சிப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு வைத்தாள். தனியாகப் பார்க்கிற தாய் ஒன்றில் பயத்தில் கூட்டிப் பார்ப்பா, இல்லாவிட்டால் ஆசையில் குறைத்துப் பார்ப்பா என்பாள். பிள்ளை கொழுத்துவிட்டது, முகம் வட்டமாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று மாத்திரையை நிற்பாட்டிய வீட்டில் அவள் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பிழையாகப் பார்த்ததற்கு ஏசமாட்டாள். பார்க்காமல் விட்டதற்கு ஏசுவாள்.

கடைசி நாளைப் பற்றியும் எழுத வேணும்.

அந்தக் கிழமை சண்டை தொடங்கிப் பாதை நின்றுபோயிருந்தது. வனிதாவுக்குத் தயிர் என்று மீன் வியாபாரி ஒருவர் மூலம் சொல் வந்தது. பக்கத்து வீட்டுத் தாயும் பார்த்து ஒத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்கள். பொதுச்சனத்தை இந்தப் பக்கம் விடவில்லை. ஆஸ்பத்திரி அடையாள அட்டை உள்ளவர்கள் போய் நோயாளியைக் கூட்டி வரலாம் என்றார்கள். விடியப்புறம் அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போவமே. சத்தம் கேக்குது," என்றேன்.

"நாளைக்கு எண்டு நான் சொல்லலாம். கிட்னி சொல்லாது."

"நானும் வாறன்."

"நீங்க வந்தா போத்தலை ஆர் பாக்கிறது? இஞ்சேருங்க, வைன் மாதிரி வெச்சிராம உடன பாருங்க."

அவள் சொன்னபடி வனிதாவையும் தாயையும் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு தோணிதான் கிடைத்தது. தோணிக்காரர் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். வனிதா, தாய், அங்கு நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சி. தோணி திரும்பி வரும்வரைக்கும் ஸ்ரெலா அந்தக் கரையில் நின்றாள். செல் அப்போதுதான் விழுந்தது.

அடக்கம் முடிந்து அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பரமேஸ்வரி அக்கா வார்ட்டிலிருந்து போத்தலோடு வந்து வாசலிலேயே நின்றா. உள்ளே வரவில்லை.

"தம்பி, நான் சொல் அனுப்பாட்டி..."

"அக்கா, போத்தலைத் தாங்க."

"நான்தான் தம்பி அவவை..."

"தாங்கக்கா. பழுதாப் போகும்."

வாங்கிச் சூடாக்கினேன். தயிர்தான். அவ வீட்டில் பார்த்தது சரி. முதல் நாளே டொக்டர் பெரிய ஊசி மருந்தைத் தொடங்கியிருந்தார். ஒரு கிழமை பிந்தியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு இனி மருந்து இல்லை என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அதைப் பரமேஸ்வரி அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவ சொல் அனுப்பியது சரியான வேலை என்பதை ஒருவர் அவவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ரெலா இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். இப்போது நான்தான் இருக்கிறேன்.

வனிதா இப்போது கஞ்சித்தண்ணியில் நிற்கிறாள். இன்னும் தெளிவு வரவில்லை. வரும் என்று டொக்டர் சொல்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பாதை திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கத்துத் தாய்மார், இனி ஆர் வாற என்று பரமேஸ்வரி அக்காவிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லாததால் நான் போனேன். அவவும் துணைக்கு வந்தா. துறையடியில் இறங்கி நடந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. செல் விழுந்த பள்ளத்தை மண்ணைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

பாடசாலைக் கொட்டிலில் தாய்மார் கூடியிருந்தார்கள். நான் புரதம், அழற்சி, வடிகட்டல் என்று தொடங்கினேன். கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம்:

"தம்பி, மிஸி இவ்வளவு கதைக்கமாட்டா. அடுப்பைத்தான் முதல் பத்த வெப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வகுப்புக்குச் சொந்தமில்லாத ஒரு தாயும் தகப்பனும் ஓரமாக நின்றார்கள். கையில் ஆறு வயதுப் பெண் பிள்ளை. மூக்குக்கு இரண்டு பக்கமும் சிவப்பு. காலில் வீக்கம் இல்லை, கண்ணில் வீக்கம் இல்லை, பார்த்தால் நோய் என்றே சொல்லமாட்டார்கள். வந்தது வந்ததுதானே என்று அதன் சிறுநீரையும் காய்ச்சினேன். வெள்ளைத் துணியில் வடித்த புளி விட்டேன். மெல்லிய கஞ்சித்தண்ணி. புளிக்குக் கரையவில்லை. பரமேஸ்வரி அக்கா என்னிடமிருந்து குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஓம் தம்பி, கஞ்சிதான்," என்றா.

வீங்குமுன் பிடிபட்ட பிள்ளை. மருந்தே தொடங்காத பிள்ளைக்கு, அடுத்த நாளும் பார்ப்போம் என்ற கணக்கு இல்லை. படுவான்கரையிலிருந்து இப்படி ஒரு பிள்ளையை நாங்கள் இதுவரை கண்டதில்லை. எல்லோரும் வீங்கிய பிறகுதான் வந்தார்கள்.

"அம்மாள் போலத்தான் கிடக்கு சேர்," என்றார் தகப்பன். "தண்ணி வாத்துப் பாத்திட்டு வாறம். வட்டையில நெல்லு வெட்டும் தொடங்கிட்டு. சூடு அடிச்சு நெல்லை வீட்ட கொண்டந்த உடன கட்டாயம் வாறம்."

நான் பதில் சொல்வதற்கு முன்பே பரமேஸ்வரி அக்கா அவர் முன்னால் போய் நின்றுவிட்டா. "மூண்டு தரம் வாத்தவள் நான். நீ ஒரு தரமும் வாக்க வேணாம். என்ட பிள்ளையைப் பாக்க வேணுமெண்டா வா, ஆஸ்பத்திரியில கிடக்கு, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"இல்லக்கா, வேளாண்மை..."

"உன்ட தம்பி வெட்டுவான். உன்ட பிள்ளையிட கிட்னியை அவன் வெட்டிக் கட்டித் தருவானா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் எதிர்பார்க்கிற விட்டுக்கொடுப்பை எதிர்பார்த்தார். பழைய நான் என்றால், சரி, அடுத்த கிழமை வாங்க என்று சொல்லியிருப்பேன். அந்தக் குணத்துக்காக வீட்டில் எத்தனையோ தரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

"இண்டைக்கு," என்றேன். "இப்ப. பின்னேரப் பாதைக்கு. உடுப்பு எடுக்கவும் வேணாம், ஆஸ்பத்திரியில தருவாங்க."

ஏறினோம். அந்தப் பிள்ளை மிதவையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடியே வந்தது. தகப்பன் வழி முழுக்க நெல்லைப் பற்றியே கதைத்தார். பிள்ளை இப்போது வார்ட்டில் இருக்கிறது. அதற்குச் சிறுநீரகம் இரண்டும் முழுசாக இருக்கின்றன.

ஸ்ரெலாவின் உடுப்புகளையும் செபமாலையையும் மாமி தன்னாமுனைக்குக் கொண்டுபோய்விட்டா. படம் எல்லாம் அம்மா வீட்டில் இருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய பொறுமையின்மை. அதைக் கொண்டு இருப்பது சுகமில்லை. அது நித்திரை கொள்ள விடுகிறதில்லை, அழுவதற்கும் இன்னும் நேரம் தரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பாதை ஓடினால் பாதையில் போவேன். ஓடாவிட்டால் தோணியில் போவேன்.